சிறுநீரகம் பழுதான குழந்தைகள்: கணக்கில் வராத செவிகள்

புது தில்லி: சிறுநீரகம் செயலிழந்த ஏழைகளுக்கு ரத்தத்தைச் சுத்திகரிக்க மத்திய அரசிடம் ஒரு திட்டம் இருக்கிறது. காது கேளாத குழந்தைகளுக்குக் கருவி வழங்க இன்னொரு திட்டம் இருக்கிறது. பள்ளிச் சிறார்களின் உடல்நலத்தைச் சோதிக்க மூன்றாவது திட்டமும் உண்டு. ஆனால், நாள்பட்ட சிறுநீரக நோயுள்ள ஒரு குழந்தையின் கேட்கும் திறன் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறதா என்று பார்ப்பதைத் தன் தனிப் பொறுப்பாக இம்மூன்றில் எதுவும் ஏற்கவில்லை.

மகாராஷ்டிரத்தின் புணே நகரை எடுத்துக்கொண்டால் இந்த இடைவெளி தெளிவாகத் தெரியும். மருத்துவ வசதிக்குக் குறைவில்லாத நகரம் அது. 1867-ல் தொடங்கிய சசூன் பொது மருத்துவமனை, 1948-ல் உருவான ராணுவ மருத்துவக் கல்லூரி, பல தனியார் மருத்துவமனைகள், உறுப்பு தானத்தை ஒருங்கிணைக்கும் மண்டல மையம் ஆகிய அனைத்தும் அங்கே இருக்கின்றன. செவித்திறன் பரிசோதகர்களை உருவாக்கும் கல்விப் பிரிவு பாரதி வித்யாபீடத்தில் இயங்குகிறது. சாத்தாரா, சோலாப்பூர் போன்ற அண்டை மாவட்டங்களிலிருந்து நோயுற்ற குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் வந்து சேர்வதும் இந்நகருக்குத்தான். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்துடன் பிணைக்கப்பட்டுக் கிடக்கும் குழந்தையின் ரத்த அழுத்தம், எடை, ஹீமோகுளோபின், பொட்டாசியம் என எல்லாமே குறிக்கப்படுகின்றன. காதைப் பற்றிய கேள்வி, யாராவது நினைத்துக் கேட்டால்தான் வருகிறது.

ஒன்றோடொன்று பிறந்த உறுப்புகள்

சிறுநீரகத்துக்கும் செவிக்கும் தொடர்பு உண்டு என்பது மருத்துவ உலகுக்குப் புதிய செய்தி அல்ல. ஒரே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சிறுநீரில் ரத்தம் வெளியேறுவதையும், அதே குடும்பத்தினருக்குக் காது மந்தமாவதையும் சேர்த்து 1927-ல் எழுதிக் காட்டியவர் செசில் ஆல்போர்ட். தென்னாப்பிரிக்காவில் பிறந்து லண்டனில் பணியாற்றிய இம்மருத்துவர், பின்னாளில் கெய்ரோ மருத்துவமனையில் ஏழை நோயாளிகள் நடத்தப்பட்ட விதத்தை வெளிப்படையாக எதிர்த்தவரும்கூட. அந்தப் பரம்பரை நோய் இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வும், உட்செவியில் நத்தைக் கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவின் சவ்வும் ஒரே வகைக் கொலாஜன் புரதத்தால் ஆனவை. அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணு பழுதானால் இரண்டும் சேர்ந்தே பழுதாகின்றன. ஆல்போர்ட் நோயால் ஆண் குழந்தைகளே அதிகம் பாதிக்கப்படுகின்றனர். பள்ளிப் பருவத்தின் பிற்பகுதியிலேயே அவர்களுக்குக் கேட்கும் திறன் குறையத் தொடங்கும். சிறுநீரகம் கைவிடுவது பெரும்பாலும் அதற்குப் பிறகு. அதாவது, காது முன்கூட்டியே எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையைக் கேட்க ஆள் வேண்டும்.

ஆல்போர்ட் நோய் அரிதானது. சிறுநீரக நோயுள்ள இந்தியக் குழந்தைகளில் பெரும் பகுதியினர், பிறவியிலேயே சிறுநீரகமோ சிறுநீர்ப் பாதையோ சரியாக அமையாதவர்கள். கருவில் செவியும் சிறுநீரகமும் உருவாகும் காலம் ஏறக்குறைய ஒன்றே. அந்த வாரங்களில் ஏற்படும் கோளாறு சில குழந்தைகளுக்கு இரண்டு உறுப்புகளிலும் தடம் பதித்துவிடுகிறது. காதின் முன்புறத்தில் பிறவித் துளையும், கழுத்தில் கட்டியும், காது மந்தமும் சேர்ந்து காணப்படும் குழந்தைக்கு வயிற்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது இதனால்தான்.

செயல்பாட்டிலும் இவ்விரு உறுப்புகள் உறவினர்கள். உப்புகளையும் நீரையும் சவ்வுகளின் ஊடாக ஓயாமல் கடத்திக்கொண்டிருப்பதே இரண்டின் தொழில். காக்ளியாவின் உட்சுவரில் ரத்தக் குழாய்கள் அடர்ந்த ஒரு பட்டை இருக்கிறது. அது பொட்டாசியத்தை இறைத்து, சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தைத் தக்கவைக்கிறது. ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் மயிர்ச் செல்கள் அந்த மின்னழுத்தத்தை நம்பியே வேலை செய்கின்றன. ரத்தத்தில் கழிவுகள் தேங்கி, உப்புகளின் அளவு ஏறி இறங்கி, ரத்த சோகையும் உயர் ரத்த அழுத்தமும் சேர்ந்துகொள்ளும்போது இந்த நுட்பமான ஏற்பாடு நிலைகுலைகிறது. ஒவ்வொரு காதிலும் இருக்கும் மயிர்ச் செல்கள் சுமார் 15 ஆயிரம்தான். அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை.

நாள்பட்ட சிறுநீரக நோயுள்ள குழந்தைகளில் எத்தனை பேருக்குச் செவித்திறன் குறைகிறது என்ற எண்ணிக்கை, எந்த அளவை 'குறைவு' என்று கொள்கிறோம், எந்த அதிர்வெண் வரை சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. ஆரோக்கியமான குழந்தைகளைவிட இவர்களிடம் அது அதிகம் என்பதில் மட்டும் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

உயிர் காக்கும் மருந்தின் மறுபக்கம்

நோய் செய்யும் சேதம் ஒருபுறம் இருக்க, சிகிச்சை செய்யும் சேதமும் உண்டு. அதை விளங்கிக்கொள்ள மீண்டும் புணேக்கே போக வேண்டும். நகரை ஒட்டிய பிம்பிரியில் 1954-ல் நிறுவப்பட்டது இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம். உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் ஆகியவற்றின் துணையுடன் உருவான இந்தப் பொதுத்துறை ஆலை, முதலில் பென்சிலினையும் பின்னர் காச நோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசினையும் தயாரித்தது. வெளிநாட்டு மருந்துக்குக் கையேந்தி நின்ற நாட்டில் அது ஒரு சாதனை. அதே ஆலையைத் தனியாருக்கு விற்பதென 2016 டிசம்பரில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது வேறு கதை.

ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. அதற்கான நோபல் பரிசை 1952-ல் செல்மன் வாக்ஸ்மன் பெற்றார். ஆய்வுக்கூடத்தில் அதைப் பிரித்தெடுத்த மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸுக்கு அதில் பங்கில்லை. மருந்து புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, அது உட்செவியைத் தாக்குவதை மருத்துவர்கள் கவனித்துவிட்டனர். பின்னர் வந்த கனமைசின், ஜென்டாமைசின், அமிகாசின் ஆகியவையும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அதே குணமும் அவற்றுக்கு உண்டு.

இந்த மருந்துகள் உடலில் சிதைவதில்லை. உட்சென்ற வடிவத்திலேயே சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுகின்றன. நல்ல சிறுநீரகம் உள்ளவரின் ரத்தத்தில் ஜென்டாமைசின் இரண்டு, மூன்று மணி நேரத்தில் பாதியாகக் குறையும். சிறுநீரகம் செயலிழந்தவரிடம் அதற்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். வழக்கமான அளவை வழக்கமான இடைவெளியில் கொடுத்தால் ரத்தத்தில் மருந்து சேர்ந்துகொண்டே போகும். உட்செவித் திரவத்துக்குள் நுழைந்த பிறகு அது வெளியேறுவது இன்னும் மெதுவாக நிகழ்கிறது. ஊசி நிறுத்தப்பட்டுச் சில வாரங்கள் கழித்துக்கூடக் காது மந்தமாவது இதனால்தான். சிறுநீரகக் குழந்தைகளோ அடிக்கடி கிருமித் தொற்றுக்கு ஆளாகிறவர்கள். ஊசி தேவைப்படும் குழந்தையும், ஊசியால் கேடு அடையக்கூடிய குழந்தையும் ஒன்றாகவே இருப்பதுதான் சிக்கல்.

நீர் கோத்து வீங்கிய உடலிலிருந்து நீரை வெளியேற்றக் கொடுக்கப்படும் ஃபுரோசிமைடும் செவிக்கு முற்றிலும் நட்பானது அல்ல. சிறுநீரகத்தில் உப்புக் கடத்தியை அடைத்து நீரை வெளியேற்றும் இம்மருந்து, செவியில் உள்ள அதன் உடன்பிறப்புக் கடத்தியையும் தடுக்கிறது. ஊசி வழியாக நிமிடத்துக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் வேகமாகச் செலுத்தக் கூடாது என்ற விதி பெரியவர்களுக்கான மருந்துக் குறிப்பிலேயே உண்டு. தனியாகக் கொடுக்கும்போது அதனால் வரும் பாதிப்பு பெரும்பாலும் தற்காலிகமானது. ஜென்டாமைசின் வகை மருந்துடன் சேரும்போது நிரந்தரமாகிவிடும் ஆபத்து இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு ஜென்டாமைசினைத் தடை செய்யச் சொல்வது பேதைமை. மகாராஷ்டிரத்தின் இன்னொரு மூலையான கட்சிரோலியில், மருத்துவத் தம்பதியரான அபய் பாங்கும் ராணி பாங்கும் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து, நோய்த் தொற்றுக்கு ஆளான பச்சிளங் குழந்தைகளுக்கு வீட்டிலேயே இந்த ஊசியைப் போட வைத்தனர். அங்கு பச்சிளங் குழந்தைகளின் இறப்பு விகிதம் 62 சதவீதம் குறைந்ததென 1999-ல் லான்செட் இதழில் வெளியான அவர்களது ஆய்வு காட்டியது. 2014-ல் மத்திய அரசும், குறிப்பிட்ட சூழ்நிலைகளில் கிராம சுகாதார செவிலியர்கள் இந்த ஊசியைப் போடலாம் என்று வழிகாட்டு நெறிகளை வகுத்தது. விலை மலிவான, உயிர் காக்கும் மருந்து அது. சிறுநீரகம் பழுதான குழந்தைக்கு அளவைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டி, ரத்தத்தில் அதன் அளவைச் சோதித்துக் கொடுக்க வேண்டும் என்பதே பிரச்னை. நகரப் பெருமருத்துவமனையில் இது நடக்கும். காய்ச்சலுடன் நள்ளிரவில் கொண்டு செல்லப்படும் சிற்றூர் மருத்துவமனையில், குழந்தையின் கிரியேட்டினின் அளவு தெரிவதற்கு முன்பே ஊசி போடப்பட்டிருக்கும்.

சில்வண்டின் சத்தத்தில் தொடங்கி

மருந்தாலும் நோயாலும் வரும் இந்தச் செவிக்குறை, ஒரே நாளில் உலகத்தை ஊமையாக்குவது கிடையாது. காக்ளியாவின் வாயிலில் இருக்கும் மயிர்ச் செல்கள்தாம் முதலில் அழிகின்றன. மிகக் கூர்மையான ஒலிகளுக்கு உரியவை அவை. முதலில் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் மறைகின்றன. பிறகு மெல்லக் கீழிறங்கிச் சில்வண்டின் இரைச்சல், கொலுசின் ஒலி, கடைசியாகப் பேச்சு. வழக்கமான ஆடியோமீட்டர் கருவியோ 8,000 ஹெர்ட்ஸுடன் நின்றுவிடும். அதற்கு மேலும் சோதிக்கும் கருவி இருந்தால்தான் சேதத்தைத் தொடக்கத்திலேயே பிடிக்க முடியும்.

பேச்சு எட்டிவிட்ட பிறகும் குழந்தைக்குக் காது கேட்காமல் போவதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கும். தொலைக்காட்சி கேட்கும். உயிரெழுத்துகள் தாழ்ந்த அதிர்வெண் கொண்டவை. அவை செவியில் விழுந்துகொண்டே இருக்கும். மறைவது மெய்யெழுத்துகளின் நுனி. 'சட்டை', 'தட்டை', 'பட்டை' என்று ஆசிரியர் சொன்னால் மூன்றும் ஒன்றாகவே ஒலிக்கும். மராத்தியில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். அம்மொழியில் ஒரே சகர எழுத்துக்கு நாலு என்று பொருள்படும் சொல்லில் ஓர் உச்சரிப்பு, சக்கரம் என்று பொருள்படும் சொல்லில் வேறோர் உச்சரிப்பு. மூச்சொலி சேர்ந்த வல்லினங்கள் தனி. இந்த வேறுபாடுகள் எல்லாம் கூர்மையான ஒலிகளின் தயவில் நிற்பவை.

வகுப்பறையில் இப்படிப்பட்ட குழந்தைக்குக் கிடைக்கும் பெயர் 'மந்தம்' அல்லது 'கவனமில்லை'. சிறுநீரக நோயால் வளர்ச்சி குன்றி, சோர்ந்து, மாதத்தில் பாதி நாள்கள் பள்ளிக்கு வராத பிள்ளை வேறு. பதில் தாமதமாக வந்தால் நோயின் மீது பழி போடுவது எளிது. பெற்றோருக்கும் அப்படியே தோன்றும். உயிரோடு இருப்பதே பெரிது என்று நினைக்கும் வீட்டில், சொல் சரியாகக் காதில் விழவில்லை என்பது புகாராகக்கூட எழுவதில்லை.

அறுபது டெசிபல் வேலி

நாடாளுமன்றம் 2016 டிசம்பரில் நிறைவேற்றிய மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், அதற்கு முந்தைய 1995-ம் ஆண்டுச் சட்டத்தைவிடப் பரந்த மனம் கொண்டது. ஏழாக இருந்த குறைபாடுகளின் பட்டியல் 21 ஆக விரிந்தது. தலசீமியா, ஹீமோஃபீலியா, அரிவாள் செல் நோய் என ரத்தம் சார்ந்த நோய்களும் அதில் இடம்பெற்றன. சிறுநீரக நோய் இடம்பெறவில்லை.

செவித்திறனுக்குச் சட்டம் வகுத்த எல்லை இது: பேச்சு அதிர்வெண்களில் இரு காதுகளிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர், 60 முதல் 70 டெசிபல் வரை இருந்தால் செவித்திறன் குறைந்தவர். 60-க்குக் கீழே இருப்பவரைச் சட்டம் பார்ப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் வெளியிட்ட உலகச் செவித்திறன் அறிக்கையோ, 20 டெசிபல் இழப்பையே லேசான குறைபாட்டின் தொடக்கமாகவும், 35 டெசிபலுக்கு மேற்பட்டதை வாழ்க்கையை முடக்கும் குறைபாடாகவும் வகுத்திருக்கிறது. ஜெனீவாவில் முடக்கம் என்று சொல்லப்படுவது தில்லியில் ஒன்றுமில்லை என்று ஆகிவிடுகிறது.

இதன் நடைமுறை விளைவு கடுமையானது. மாற்றுத் திறனாளிகளுக்கு உபகரணம் வழங்கும் மத்திய அரசின் 'ஏடிப்' திட்டத்தில் இலவசமாகச் செவித்துணைக் கருவி பெற 40 சதவீதக் குறைபாட்டுச் சான்றிதழ் வேண்டும். கூர்மையான ஒலிகளை மட்டும் இழந்த சிறுநீரகக் குழந்தைக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்காது. முற்றிலும் கேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்த 2014 முதல் லட்சக்கணக்கில் செலவிட முன்வந்த அதே திட்டம், அரைகுறையாகக் கேட்கும் குழந்தைக்குச் சில ஆயிரம் ரூபாய்க் கருவியைத் தர மறுக்கிறது. முழுவதும் கெடட்டும், பிறகு வா என்று சொல்வதற்கு ஒப்பானது இது.

பள்ளிச் சிறார் திட்டம் என்ன செய்கிறது? 'ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்' 2013 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது, மகாராஷ்டிரத்தின் பால்கரில்தான். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையிலானவர்களை 30 வகைக் குறைபாடுகளுக்காகச் சோதிக்கும் பெரிய திட்டம் அது. செவித்திறன் குறைபாடு அந்தப் பட்டியலில் இருக்கிறது. சிறுநீரக நோய் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு கேள்விப் பட்டியலையும் எளிய சோதனைகளையும் வைத்துச் சலிக்கிறது. அழைத்தால் திரும்பிப் பார்க்கும் குழந்தை அந்தச் சல்லடையின் துளை வழியே எளிதாக நழுவிவிடும். குழு வந்த நாளில் டயாலிசிஸ் படுக்கையில் இருந்த குழந்தையோ சல்லடைக்கே வருவதில்லை.

அமர்வுகளின் எண்ணிக்கை

தேசிய டயாலிசிஸ் திட்டத்தை 2016-17 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தவர் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி. நாட்டில் ஆண்டுதோறும் 2.2 லட்சம் பேருக்குப் புதிதாகச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழப்பதாகவும், அதனால் 3.4 கோடி டயாலிசிஸ் அமர்வுகள் கூடுதலாகத் தேவைப்படுவதாகவும் அவர் அவையில் தெரிவித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2018 மே மாதத்தில் அவரே தில்லி எய்ம்ஸில் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. வீட்டிலேயே வயிற்றுறை வழியாகச் செய்யும் டயாலிசிஸுக்கான வழிகாட்டு நெறிகள் 2019-ல் சேர்க்கப்பட்டன. குழந்தைகளுக்கு இம்முறை பெரிதும் உகந்தது.

திட்டம் நல்லது. ஆனால் அதன் அலகு 'அமர்வு'. எத்தனை அமர்வு நடந்தது என்பதற்குப் பணம்; அந்த அமர்வுகளுக்கு நடுவே வளரும் குழந்தைக்கு என்ன ஆகிறது என்பதற்குத் தலைப்பு இல்லை. மகாராஷ்டிரத்தில் மகாத்மா ஜோதிராவ் புலே பெயரிலான மாநிலக் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிசிஸ் உண்டு. புணேயில் 1848-ல் பெண்களுக்குப் பள்ளி திறந்தவர் புலே. அவர் பெயரைத் தாங்கிய திட்டம், குழந்தை வகுப்பறையில் பாடத்தைக் கேட்கிறதா என்பதையும் தன் அக்கறையாகக் கொள்வதில் பொருத்தக் குறைவு ஏதும் இல்லை.

புணேயின் டோல் தாஷா

நோயும் மருந்தும் போதாதென்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: இரைச்சல். ஜென்டாமைசின் வகை மருந்துகளும் பேரிரைச்சலும் ஒரே காலத்தில் தாக்கினால் விளையும் சேதம், இரண்டின் தனித்தனிச் சேதங்களின் கூட்டலைவிட அதிகம் என்பது விலங்குகளில் நடந்த ஆய்வுகளில் வெளிப்பட்டுள்ளது.

விநாயகர் சிலைகளைக் கரைக்கச் செல்லும் புணே ஊர்வலம் ஒரு நாளையும் தாண்டி நீள்வது வழக்கம். லட்சுமி சாலையில் இரைச்சலின் அளவை அந்நகரப் பொறியியல் கல்லூரியினர் ஆண்டுதோறும் அளந்து வெளியிடுகின்றனர். சராசரி அளவு 100 டெசிபலைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபலையே அனுமதிக்கின்றன. மேளக் குழு ஒன்றில் 30 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2024 ஆகஸ்டில் கட்டுப்பாடு விதித்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. டோல் தாஷா புணேயின் இதயம் என்று அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் குறிப்பிட்டார். இதயத்துக்காக வாதாட வழக்கறிஞர்கள் வந்தனர். மருந்துக் குப்பியின் தயவில் வாழும் செவிகளுக்காக அந்த வழக்கில் யாரும் நிற்கவில்லை என்றால் வியப்பில்லை; அவை எந்தப் பட்டியலிலும் இல்லை.

எண்ணத் தொடங்கியபோது மாறியது

செவி இழப்பு கணக்கில் ஏறினால் கொள்கை மாறும் என்பதற்குக் காச நோயே சான்று. மருந்துக்குக் கட்டுப்படாத காச நோயாளிகளுக்குப் பல மாதங்கள் போடப்பட்டு வந்த கனமைசின் ஊசி, உலகெங்கும் பலரின் காதைப் பறித்தது. உயிருக்கு விலை காது என்றே அது நெடுங்காலம் ஏற்கப்பட்டிருந்தது. தென்னாப்பிரிக்கா 2018-ல் அந்த ஊசியைக் கைவிட்டு, பெடாகுயிலின் மாத்திரைக்கு மாறியது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் கனமைசினை விலக்கப் பரிந்துரைத்தது. இந்தியாவும் மாத்திரை மட்டுமே கொண்ட சிகிச்சைக்கு நகர்ந்தது.

அந்த மாத்திரையின் காப்புரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் முயன்றபோது, அதை எதிர்த்து இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் மனு செய்தவர்களில் ஒருவர் மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன். காச நோய்ச் சிகிச்சையின் பக்க விளைவால் 2013-ல் செவித்திறனை இழந்தவர். அவருடன் நின்ற தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேயும் அவ்வாறே செவியை இழந்தவர். 2023 மார்ச்சில் நிறுவனத்தின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காச நோயாளிகளுக்கு அமைப்புகள் உண்டு, குரல் உண்டு. வாரத்துக்கு மூன்று நாள் படுக்கையில் கிடக்கும் எட்டு வயதுக் குழந்தை எந்த அலுவலகத்துக்கும் மனு எழுதப் போவதில்லை.

செய்ய வேண்டியது அப்படி ஒன்றும் பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல. செவிக்குள் சிறு ஒலியைச் செலுத்தி எதிரொலியைப் பதிவு செய்யும் சோதனை சில நிமிடங்களில் முடியும், கைக்குழந்தைக்கும் செய்யலாம். ஒத்துழைக்கும் வயதுள்ள குழந்தைக்கு முழு ஆடியோகிராம் எடுக்க அரை மணி நேரம் போதும். நோய் கண்டறியப்பட்டபோது ஒன்று, பின்னர் ஆண்டுக்கு ஒன்று, ஜென்டாமைசின் வகை ஊசி தொடங்கும் முன்பும் முடிந்த பிறகும் ஒன்று என எடுத்து வைத்தால், செவி இறங்கும் பாதை காகிதத்தில் தெரிந்துவிடும். மாற்று மருந்து இருக்குமானால் மருத்துவர் அதற்கு மாறலாம். இல்லையெனில் அளவைத் திருத்தலாம். குழந்தையை முன் வரிசையில் உட்கார வைக்க ஆசிரியருக்கு ஒரு சீட்டு எழுதித் தரலாம். சிறுநீரகம் மாற்றிப் பொருத்தப்பட்ட பிறகும் இந்தச் சோதனை தொடர வேண்டும். ஆல்போர்ட் குழந்தைக்குப் புதிய சிறுநீரகம் இழந்த செவியை மீட்டுத் தராது.

தமிழகம் இதில் முன்னோடியாக இருந்திருக்கலாம். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்துவதை முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்த மாநிலம் இது. வயிற்றுறை டயாலிசிஸுக்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டு சென்று கொடுக்கும் ஏற்பாடு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இடம்பெற்றது. பை கொண்டு செல்பவர் கையில் செவிச் சோதனைக்கான ஒரு பரிந்துரைச் சீட்டையும் கொடுத்து அனுப்புவதற்கு மேல் கட்டமைப்பு எதுவும் தேவையில்லை.

தில்லியில் இதற்கான கோப்பு இரண்டு அமைச்சகங்களில் பிரிந்து கிடக்கிறது. டயாலிசிஸும் பள்ளிச் சிறார் பரிசோதனையும் சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பு. செவித்துணைக் கருவியும் குறைபாட்டுச் சட்டமும் சமூக நீதி அமைச்சகத்தின் பொறுப்பு. உலகச் செவி தினம் மார்ச் 3-ல் வருகிறது. உலகச் சிறுநீரக தினம் அதே மார்ச்சின் இரண்டாவது வியாழக்கிழமை. இரண்டுக்கும் தனித்தனி விளம்பரங்கள் நாளிதழ்களில் வெளியாகின்றன.

சட்டத்தின் 60 டெசிபல் வரம்பை மாற்ற மத்திய அரசுதான் முன்வர வேண்டும். பரிசோதனைக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. டயாலிசிஸ் திட்டம் தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் வருவது. பெரும்பாலான மாநிலங்களில் செலவில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40 சதவீதம். மாநிலங்கள் அனுப்பும் திட்ட முன்மொழிவில் குழந்தை டயாலிசிஸ் நோயாளிகளுக்குச் செவிப் பரிசோதனை என்று ஒரு வரியைச் சேர்த்துப் பணம் கேட்க விதிகளில் தடை இல்லை. மும்பையிலிருந்தோ சென்னையிலிருந்தோ அந்த வரி முதலில் வரலாம்.